"நேத்து வந்துச்சு, இன்னைக்கு வரல": ஒரு புகார் உலாவியைத் திருத்தும் விதம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், உலாவியைப் பற்றி மக்கள் சொல்லும் புகார்கள் அத்தனையும் காதில் விழுந்துவிடும். "அண்ணா, பேஜ் சுத்திக்கிட்டே இருக்கு." "அக்கா, நேத்து வந்துச்சு, இன்னைக்கு வரல." "குரோம்ல வருது, இதுல வரல." சென்டர்காரர் எழுந்து வந்து ஒரு ரீஃப்ரெஷ் கொடுப்பார். அதற்கும் மசியவில்லை என்றால் கணினியை அணைத்துப் போடுவார். பெரும்பாலும் புகார் அங்கேயே முடிந்துவிடுகிறது.

அது அங்கே முடிய வேண்டியதில்லை. ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் போன்ற திறந்த மூல உலாவிகளில், அதாவது மூலநிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கவும் திருத்தவும் கூடிய உலாவிகளில், ஒரு பயனர் சொல்லும் புகார் நிரல் எழுதுபவரின் மேசைக்கே போய்ச் சேர வழி இருக்கிறது. சேர்ந்த பிறகு அது என்ன ஆகிறது என்பதும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அந்த வழி எப்படி வேலை செய்கிறது என்பதை நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ் எழுத்து திரையில் உடைந்தாலோ தேடலில் சிக்காமல் போனாலோ, அதைக் கண்டுபிடித்துச் சொல்லத் தமிழ் படிக்கிறவர்களால்தான் முடியும். பெர்லினிலோ டொராண்டோவிலோ உட்கார்ந்து நிரல் எழுதுபவருக்கு அது கண்ணிலேயே படாது.

இந்த ஏற்பாட்டின் வேர் 1998-இல் இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை உலகத்துக்குத் திறந்துவிட்டது. மொசில்லா திட்டம் அதிலிருந்து பிறந்தது. புகார்களைப் பதிவதற்கான பக்ஸில்லா என்ற மென்பொருளும் அதே ஆண்டில் வந்தது, இன்றும் ஓடுகிறது. அந்தத் திட்டத்திலிருந்து 2004 நவம்பர் 9 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வெளியானது. குரோம் தனியார் தயாரிப்பு என்றாலும் அதன் அடித்தளமான குரோமியம் திறந்த மூலம்தான். அதன் உள்ளே ஓடும், பக்கத்தைப் படித்துத் திரையில் வரையும் பிளிங்க் என்ஜினின் முன்னோரைத் தேடிப் போனால் ஆப்பிளின் வெப்கிட் வரும். அதற்கும் முன்னால் போனால், கேடிஇ என்ற லினக்ஸ் திட்டத்தின் தன்னார்வலர்கள் எழுதிய கேஎச்டிஎம்எல் வரும்.

ஓர் உலாவியின் மூலநிரல் கோடிக்கணக்கான வரிகள். பக்கத்தை எழுதப் பயன்படும் குறிமொழியான எச்டிஎம்எல்லைப் படித்து மரம் போல அடுக்க வேண்டும், எந்த எழுத்து எங்கே எந்த அளவில் என்று கணக்குப் போட வேண்டும், வரைய வேண்டும். இவ்வளவும் கண் இமைப்பதற்குள் நடக்க வேண்டும். இதில் தினமும் நூற்றுக்கணக்கான மாற்றங்கள் சேர்கின்றன. ஒருவர் எழுதிய மாற்றத்தை இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்டால்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே வந்ததும் தானியங்கிச் சோதனைகள் ஓடும். உலாவிகள் பொதுவில் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு சோதனைத் தொகுப்பில் மட்டுமே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு சோதனைகள் உண்டு. ஏதாவது ஒன்று உடைந்தால், காவலுக்கு இருப்பவர் அந்த மாற்றத்தை அப்படியே வெளியே எடுத்துவிடுவார். ஆனால் எல்லாத் தவறையும் சோதனை பிடித்துவிடாது. உலகத்தில் உள்ள எல்லா பிரிண்டரையும், எல்லா ஆன்டிவைரஸையும், எல்லா அரசு விண்ணப்பப் பக்கத்தையும் சோதனைச் சாலைக்குள் கொண்டுவர யாராலும் முடியாது.

அதனால்தான் வெளியீட்டைப் படிப்படியாக விடுகிறார்கள். ஃபயர்ஃபாக்ஸில் முதல் படி நைட்லி. பெயருக்கு ஏற்றபடி தினமும் புதுசு. அதில் சில வாரம் ஊறியது பீட்டா என்ற முன்னோட்டப் பதிப்புக்குப் போகும், அப்புறம் பொது வெளியீடு. 2011 முதல் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்று இருந்தது, 2020-இல் நான்கு வாரமாகச் சுருங்கியது. பொது வெளியீட்டையும் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்புவதில்லை. முதலில் ஒரு பகுதிப் பயனர்களுக்குப் போகும். அங்கிருந்து வரும் முறிவு அறிக்கைகளை, அதாவது உலாவி திடீரென்று நின்றுபோனதைச் சொல்லும் அறிக்கைகளைப் பார்த்த பிறகே மற்றவர்களுக்குக் கதவு திறக்கும். புகார் வருவதற்கு நேரம் கொடுத்து, அது வந்தால் அகப்படும் கூட்டம் சிறியதாக இருக்கும்படி அமைத்த ஏற்பாடு இது.

சரி, புகார் வந்துவிட்டது: நேத்து வந்துச்சு, இன்னைக்கு வரல. திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல புகார் இதுதான் என்பேன். ஒரு நாள் சரியாக இருந்தது, இன்னொரு நாள் சரியில்லை என்றால், நடுவில் வந்த மாற்றங்களில் ஒன்றுதான் குற்றவாளி. ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. மின்சாரம் போனால் லைன்மேன் கம்பத்துக்குக் கம்பம் ஏறுவதில்லை. நடுக் கம்பத்தில் ஏறிப் பார்ப்பார். அங்கே கரண்ட் வந்தால் பழுது அதற்கு அப்பால், வராவிட்டால் இப்பால். பாதி வேலை ஒரே ஏற்றத்தில் கழிந்துவிடும். உலாவியிலும் அதே முறைதான். மொஸ்ரெக்ரெஷன் என்ற கருவி, பழைய நைட்லி பதிப்புகளைத் தானே இறக்கித் திறந்து காட்டும். நாம் புகாருக்குரிய பக்கத்தைத் திறந்து பார்த்து நல்லது, கெட்டது என்று பதில் சொன்னால் போதும். ஓர் ஆண்டின் 365 நைட்லிகளில் குற்றம் நடந்த நாளைப் பிடிக்க ஒன்பது கேள்விகள் போதும். ஒன்பது முறை இரண்டால் பெருக்கினால் 512 வந்துவிடுகிறது அல்லவா! அந்த நாளுக்குள் நூறு மாற்றங்கள் இருந்தால் இன்னும் ஏழு கேள்விகள். கடைசியில் ஒரே ஒரு மாற்றம் நிற்கும், அதை எழுதியவர் பெயரோடு.

இதைச் செய்ய நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பொறுமையும் இணைய இணைப்பும் இருந்தால் போதும். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசக் கூடும் கல்லூரிப் பிள்ளைகளிடம் "நான் எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்ற கேள்வியை அடிக்கடி கேட்கலாம். எல்லோரும் சி++ என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்ள ஓடுகிறார்கள். அதற்கு முன்னால், யாரோ ஒருவர் அனாமத்தாக எழுதிவிட்டுப் போன புகாரை எடுத்து, இந்த முறையில் குற்றவாளி மாற்றத்தைக் கண்டுபிடித்துப் பதிந்தால், அது ஒரு முழுமையான பங்களிப்பு. அனுபவசாலி ஒருவரின் அரை நாள் அதனால் மிஞ்சும்.

இந்த முறை கைவிட்ட நாளும் உண்டு. 2022 ஜனவரி 13, நமக்குப் போகிப் பண்டிகை. அன்று உலகம் முழுக்க ஃபயர்ஃபாக்ஸ் திடீரென்று முடங்கியது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. புதுப் பதிப்பு எதுவும் அன்று வெளியாகவில்லை. எந்த மாற்றத்தைக் குற்றம் சொல்வது? பயனர்கள் கிடைத்த இடத்தில் எல்லாம் புகார் எழுதினார்கள். அந்தப் புகார்களுக்கு நடுவிலேயே ஒரு துப்பும் வந்தது: எச்டிடிபி/3 என்ற புது இணைய நெறிமுறையை உலாவியின் அமைப்புகளில் அணைத்துவிட்டால் உலாவி உயிர் பெறுகிறது.

நடந்தது இதுதான். உலாவி தன் இயக்கத்தைப் பற்றிய புள்ளிவிவரங்களைச் சில சேவையகங்களுக்கு (சர்வர்களுக்கு) அனுப்பும். அந்தச் சேவையகங்களை ஓட்டிய கிளவுட் சேவை, முன்னறிவிப்பு இல்லாமல் எச்டிடிபி/3-ஐ இயல்பாகவே இயங்கும்படி மாற்றியிருந்தது. ஒரு கோரிக்கை அனுப்பும்போது உள்ளடக்கம் எவ்வளவு நீளம் என்பதைத் தலைப்பில் 'கன்டென்ட்-லெங்த்' என்று ஒரு வரியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் சின்ன எழுத்தில் தொடங்கினாலும் ஒன்றுதான் என்பது விதி. புள்ளிவிவரம் அனுப்பும் பகுதி சின்ன எழுத்தில் எழுதியது. எச்டிடிபி/3-ஐக் கையாளும் பகுதியோ பெரிய எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் தேடியது. கிடைக்காததால் உள்ளடக்கமே இல்லை என்று முடிவு கட்டியது. ஆனால் அனுப்ப வேண்டிய உள்ளடக்கம் காத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒத்துப்போகாமல் நிரல் முடிவில்லாத சுழற்சியில் மாட்டிக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸின் வலைத் தொடர்பு முழுவதும் ஒரே இழையில், அதாவது வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் ஒரே வரிசையில் ஓடுவதால், அந்த இழை நின்றதும் எல்லாப் பக்கமும் நின்றது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். முதல் நிவாரணம் உலாவியில் வரவில்லை. சேவையகத்தில் எச்டிடிபி/3-ஐ அணைத்தார்கள். பிறகுதான் நிரலைத் திருத்தி வெளியிட்டார்கள். வழு, அதாவது நிரலில் உள்ள பிழை, வெகு நாளாக உள்ளேயே படுத்துக்கிடந்தது, அதை எழுப்பும் சூழல் அன்றுதான் வெளியிலிருந்து வந்தது. "நான் எதுவும் செய்யல, தானா நின்னுடுச்சு" என்று அன்று சொன்ன ஒவ்வொருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அப்படிச் சொல்கிறவரைச் சந்தேகமாகப் பார்க்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் நிறைய இருக்கிறது, அது போக வேண்டும்.

"குரோம்ல வருது, இதுல வரல" என்பது வேறு பாதையில் போகும். பல நேரம் தவறு தளத்தை எழுதியவருடையது. குரோமில் மட்டும் சோதித்துவிட்டு விட்டிருப்பார், அல்லது உலாவியின் பெயரைக் கேட்டுவிட்டு, பட்டியலில் இல்லாத பெயருக்குக் கதவைச் சாத்தியிருப்பார். ஆனால் வரிசையில் நிற்கும் பயனருக்கு யார் தவறு என்பதா முக்கியம்? எனவே தளக்காரருக்கு எழுதிப் பார்ப்பார்கள். பதில் வராவிட்டால் அந்தத் தளத்துக்கென்று ஒரு சிறு சரிக்கட்டலை ஃபயர்ஃபாக்ஸுக்குள்ளேயே வைத்து அனுப்புவார்கள். அந்தப் பட்டியலை உலாவியிலேயே திறந்து பார்க்கலாம். உடைந்த தளத்தைப் பற்றிச் சொல்ல மெனுவிலேயே ஒரு வரி இருக்கிறது.

இனி தமிழுக்கு வருவோம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிறவர்கள் ஏராளம். ஒருவர் சிறப்புப் பேருந்து அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோல்-எஃப் அழுத்திப் 'பௌர்ணமி' என்று தேடுகிறார். கண்ணெதிரே அந்தச் சொல் இருக்கிறது, உலாவி ஒன்றும் இல்லை என்கிறது. காரணம், பக்கத்தைத் தட்டச்சு செய்தவர் 'பெளர்ணமி' என்று அடித்திருக்கிறார். அதாவது ஒற்றைக் கொம்பு, ப, அப்புறம் தனி எழுத்தான ள. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கணினியின் நினைவகத்திலோ ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஒரு குறியெண் உண்டு. முதல் சொல்லில் ஏழு குறியெண்கள், இரண்டாவதில் எட்டு. இது உலாவியின் வழு அல்ல, பக்கத்தின் எழுத்துப் பிழை. புகார் கொடுத்தால் செல்லாது என்று முத்திரை குத்தி மூடுவார்கள், அது சரியும்கூட.

ஆனால் இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி என்று இரண்டு குறியெண்களாகவும் சேமிக்கலாம், கொம்பு தனியாகக் கால் தனியாக மூன்றாகவும் சேமிக்கலாம். எழுத்துகளுக்குக் குறியெண் வகுக்கும் உலகப் பொதுத் தரமான யூனிகோடின் விதிப்படி இரண்டும் சமம். ஓர் உலாவி ஒன்றைத் தேடும்போது மற்றதைக் காட்டாவிட்டால் அந்தப் புகார் நியாயமானது. முதல் சிக்கலும் இரண்டாவது சிக்கலும் தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். பிரித்துச் சொல்ல வேண்டியது நாம்தான். எழுத்து திரையில் உடைந்து தெரிந்தால் விஷயம் இன்னொரு வீட்டுக்குப் போகும். நினைவகத்தில் க முதலில், கொம்பு பிறகு. திரையில் கொம்பு முதலில். இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல்தொகுப்பு. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் அதையே பயன்படுத்துகின்றன. அங்கே ஒரு வழுவைத் திருத்தினால் இரண்டு உலாவிகளுக்கும் போய்ச் சேரும்.

மூடும்போது குத்தும் முத்திரைகளில் மனதைப் புண்படுத்துவது 'எனக்கு வேலை செய்கிறது' என்பதுதான். நம்மை நம்பவில்லை என்று தோன்றும். உண்மையில் அதற்குப் பொருள், அவர் கணினியில் அதே நிலைமையை உண்டாக்க முடியவில்லை என்பது மட்டுமே. கோபப்படாமல் கூடுதல் விவரத்தோடு மறுபடி எழுதினால் மூடியதைத் திறப்பார்கள். 'செய்யப்போவதில்லை' என்ற முத்திரைக்கு அப்படி வழி கிடையாது. சென்டர்களில் இன்னும் ஓடும் விண்டோஸ் 7-க்கு ஃபயர்ஃபாக்ஸ் 115 வரிசைதான் கடைசி, குரோமுக்கு 109. புதுப் பதிப்பு வேண்டும் என்று எத்தனை முறை கேட்டாலும் பதில் மாறாது. பாதுகாப்பு ஓட்டை பற்றிய புகார் மட்டும் பூட்டிய அறையில் இருக்கும். திருத்தம் பயனர்கள் கைக்குப் போய்ச் சேரும் முன் விவரம் வெளியானால் திருடனுக்குச் சாவி கொடுத்தது மாதிரி ஆகிவிடும்.

புகார் எழுதுவதற்கு முன் இரண்டு சோதனைகள். துணைநிரல்களை (எக்ஸ்டென்ஷன்களை) முடக்கும் பழுதுநீக்க முறையில் உலாவியைத் திறந்து பாருங்கள். பிரச்சினை மறைந்துவிட்டால் குற்றவாளி ஏதோ ஒரு துணைநிரல். பிறகு பழைய அமைப்புகள் எதுவும் இல்லாத புதிய சுயவிவரம் (புரொஃபைல்) ஒன்றை உருவாக்கி அதிலும் பாருங்கள். இரண்டிலும் பிரச்சினை நீடித்தால், உலாவியின் பதிப்பு எண், இயங்குதளம், என்ன செய்தீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று வரிசையாக எழுதுங்கள். தமிழ் எழுத்துச் சிக்கல் என்றால் திரையைப் பிடித்த படம் (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் போதாது. படத்தில் குறியெண்கள் தெரியாது. சிக்கலான சொல்லை அந்தப் பக்கத்திலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள், திரும்பத் தட்டச்சு செய்யாதீர்கள். உங்கள் விசைப்பலகை அதைத் தானாகவே சரியாக அடித்துவிட்டால் சான்று போய்விடும். எழுத்துருவின் பெயரையும் சேருங்கள். சரியான வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதை வேறு நிரலில் எடுத்த ஒரு படத்தோடு பக்கத்தில் வையுங்கள். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாத ஒருவர் இரண்டு படங்களையும் ஒப்பிட்டு வேலையைத் தொடங்க அது போதும்.