களை என்று பிடுங்கச் சொன்ன கீரை

கொல்லிமலைப் பள்ளி ஒன்றில் தோட்ட வகுப்பு எடுக்க ஆரம்பித்த முதல் வருடம். கத்தரி, வெண்டை, தக்காளிப் பாத்திகளைச் சுத்தமாக வைத்திருக்கும் குழுவுக்குப் பரிசு என்று சொல்லியிருந்தேன். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பிடுங்கினார்கள். வரப்போரம் குவிந்துகிடந்த களையைப் பார்த்தபடி ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"இது பண்ணைக்கீரை சார். எங்க பாட்டி கடையும்." சொல்லிவிட்டு, தப்பாகப் பேசிவிட்டவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு வீட்டுக்கு இரண்டு வேளைக்கான கீரை அந்தக் குவியலில் இருந்தது. பிள்ளைகளின் சத்துணவுக்கு உதவட்டும் என்று போட்ட தோட்டம் அது!

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போனால் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ். நாம் சாமை என்று ஒரே பேரில் முடித்துக்கொள்வதை அவர்கள் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, திருகுலச் சாமை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த நிலத்துக்கு எது, எது சீக்கிரம் அறுப்புக்கு வரும், எது காக்கவைக்கும் என்ற கணக்கெல்லாம் அந்தப் பேர்களுக்குள் இருக்கிறது. அப்புறம் ரேஷன் அரிசி வந்தது. கீழே ஜவ்வரிசி ஆலைகள் வாங்குகின்றன என்று மரவள்ளி ஏறியது. சாமைக் காடுகள் சுருங்கின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து விதை வங்கி, உமி நீக்கும் எந்திரம் என்று அங்கே வேலை செய்துவருகிறது. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சாமைச் சோறு என்பது தாத்தா காலத்துக் கஷ்டம்தான். டிபன் பாக்ஸில் கொண்டுவரவே கூச்சப்படுவார்கள்.

அடுத்த வருடம் அந்தப் பெண்ணின் பாட்டியைக் கூப்பிட்டேன். இரண்டு கைப்பிடிச் சாமை விதையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். வரிசை பிடித்துக் கயிறு கட்டி வைத்திருந்தேன்; அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு கூடையில் காய்ந்த மண்ணை அள்ளி, விதையை அதில் போட்டுப் பிசிறினார். ஏன் என்று ஒரு பையன் கேட்டான். "விதை பொடிசு. வெறுங்கையா வீசுனா ஒரே இடத்துல கொட்டிக்கும்." பிறகு நடந்தபடியே இடமும் வலமும் வீசினார். ஓரத்தில் நாலு அவரை, ஒரு பூசணி. போகும்போது என்னிடம், "அறுத்ததும் விதையைத் திருப்பிக் குடுத்துடணும் வாத்தியாரே, கொஞ்சம் கூடவே" என்றார். விதை இலவசமாக வரும், மிச்சம் குப்பைக்குப் போகும் என்றே பழகிய எனக்கு அது புதுசு.

அறுப்பு முடிந்ததும் உரல் வந்தது. அரைமணி நேரம் குத்தியதில் பையன்கள் கை சிவந்துவிட்டது. பாட்டி சிரித்தார். நான்கு படி குத்தி, புடைத்து அளந்தால் இரண்டு படிகூடத் தேறவில்லை. விழுக்காட்டுக் கணக்கை அன்று கரும்பலகையில் போட வேண்டியிருக்கவில்லை. பெண்கள் ஏன் சாமையைக் கைவிட்டார்கள் என்பதும் பிள்ளைகளுக்கு விளங்கியது. பழங்குடி அறிவு என்றாலே எல்லாம் பொற்காலம் என்று பாடம் நடத்துகிறவர்கள் ஒருநாள் உலக்கையைப் பிடித்துப் பார்க்கலாம். (வருடத்துக்கு ஒருமுறை வேஷம் கட்டிவிட்டுப் படம் பிடிக்கும் 'பாரம்பரிய உணவு விழா' பற்றிப் பேச எனக்குப் பொறுமையில்லை.)

எல்லாம் நன்றாகப் போகிறது என்ற தைரியத்தில் மூலிகைப் பாத்தி ஒன்று போட்டேன். ஊரில் கேட்டதை எல்லாம் பலகையில் எழுதி நட்டேன்: இந்தச் செடி இந்த நோய்க்கு, இவ்வளவு அளவு. வைத்தியம் பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. "ரெண்டு பலகையை மட்டும் எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டேன். காரணம் கேட்கலாமா என்று யோசித்துக் கேட்காமல் விட்டேன்.

கேரளப் பக்கத்து அகத்தியமலையில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் கதை அப்போது நினைவுக்கு வந்தது. 1987இல் ஆய்வுக்குப் போன குழுவுக்கு வழிகாட்டிய காணிகள் ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். என்ன செடி என்று சொல்ல முதலில் தயங்கினார்கள், பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது; 1995இல் அதன் தயாரிப்பு உரிமை ஒரு மருந்து நிறுவனத்துக்குப் போனது. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட ஏற்பாடு அது. அப்படியிருந்தும் காணிகள் எல்லாரையும் கேட்டா செய்தார்கள் என்ற கேள்வி ஓயவில்லை. ஆராய்ச்சி நிலையத்துக்கே இந்தப் பாடு என்றால், பலகை எழுதி நடுகிற எனக்கு யார் அனுமதி கொடுத்தது? இப்போதெல்லாம் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஊர்க்காரர்களையே வைத்துக்கொண்டு பேசிவிடுகிறோம்.

தோட்டம் போட நினைக்கும் ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது விதைப் பட்டியல். நான் திருப்பிக் கேட்பது: உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டி, தாத்தாவில் எத்தனை பேர் பள்ளிக்குள் வந்திருக்கிறார்கள்? காலண்டரையும் பாருங்கள். கோடை மழை விழுந்து மண் ஈரம் பிடிக்கும்போது பள்ளி பூட்டிக் கிடக்கும். விடுமுறையில் பாத்தியைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு பொறுப்பேற்கவில்லை என்றால் ஜூனில் நீங்கள் தொடங்குவது பாதி வருடம்தான்.

வருகிறவருக்குக் கூலி கொடுங்கள். டீயும் துண்டும் போதாது. நாங்கள் பணம் கொடுக்கக் கிளம்பியபோது வவுச்சரில் என்னவென்று எழுதுவது என்று அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பேச்சு. தோட்ட வேலைக் கூலி என்றார் ஒருவர். கடைசியில் 'கருத்தாளர் மதிப்பூதியம்' என்று எழுதினோம். நான் கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். பாட்டி என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.