ஐரோப்பாவில் விமானத் தாமதம்: தூரமும் நேரமும் இழப்பீட்டைத் தீர்மானிக்கும் விதம்

பாரிஸிலிருந்து பெர்லினுக்கு விமான தூரம் ஏறக்குறைய 860 கிலோமீட்டர். பாரிஸிலிருந்து ஏதென்ஸுக்குச் சுமார் 2,100 கிலோமீட்டர். இரண்டு விமானங்களும் நான்கு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், முதல் விமானத்தின் பயணிக்கு 250 யூரோவும் இரண்டாவது விமானத்தின் பயணிக்கு 400 யூரோவும் கேட்க உரிமை உண்டு. 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறை, இழப்பீட்டுத் தொகையைத் தூரத்தை வைத்தே நிர்ணயிக்கிறது. சீட்டின் விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 30 யூரோ கொடுத்துப் பயணித்தவருக்கும் அதே 250 யூரோதான்.

1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. அதற்கு மேல், ஒன்றியத்துக்குள்ளேயே பறக்கும் விமானங்களுக்கு எவ்வளவு தூரமானாலும் 400 யூரோ. ஒன்றியத்தின் எல்லையைத் தாண்டும் தடமானால் 3,500 கிலோமீட்டர் வரை 400, அதற்கும் மேற்பட்டால் 600 யூரோ.

தூரம் என்பது விமானம் உண்மையில் பறந்த பாதை அன்று. பூமியின் வளைவையொட்டி இரு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய தூரம். ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் சென்ற பயணிகளின் வழக்கில் இது தெளிவாயிற்று. இரண்டு கட்டங்களையும் கூட்டினால் 1,656 கிலோமீட்டர் என்பதால் 400 யூரோ வேண்டும் என்று அவர்கள் கோரினர். ரோமுக்கும் ஹாம்பர்க்குக்கும் நேர்த்தூரம் 1,326 கிலோமீட்டரே என்பதால், 250 யூரோதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது.

நேரக் கணக்கில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒழுங்குமுறையின் வாசகம் தாமதத்துக்கு இழப்பீடு என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தாலும் அது உண்டு என்று 2009இல் நீதிமன்றமே விரித்துரைத்தது. புறப்பாடு எவ்வளவு தாமதம் என்பது இங்கே பொருட்டன்று, வந்து சேரும் நேரமே கணக்கு. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்-பான் சென்ற ஒரு விமானம் 2 மணி 58 நிமிடத் தாமதத்தில் ஓடுபாதையைத் தொட்டது. நிறுத்துமிடத்தை அடைந்தபோது தாமதம் 3 மணி 3 நிமிடம். சக்கரம் தரையைத் தொடும் நேரம் அன்று, பயணிகள் இறங்குவதற்காக ஒரு கதவாவது திறக்கும் நேரமே வருகை நேரம் என்று 2014இல் தீர்ப்பு வந்தது. அந்தச் சில நிமிடங்களில்தான் 250 யூரோ இருந்தது.

மோசமான வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போன்ற அசாதாரணச் சூழல்களில் இழப்பீடு கிடையாது. வழக்கமான இயந்திரக் கோளாறு பொதுவாக அந்த வகையில் சேராது. ஆனால் காரணம் எதுவாயினும், காத்திருப்பு நீளும்போது உணவும், இரவு தங்க நேர்ந்தால் விடுதி அறையும் விமான நிறுவனம் தந்தாக வேண்டும். இதைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

ஒன்றியத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இந்த விதி பொருந்தும். வெளியிலிருந்து வருவதானால் ஒன்றியத்தைச் சேர்ந்த நிறுவனமாக இருக்க வேண்டும். எனவே, சென்னையிலிருந்து வளைகுடா நிறுவனமொன்றில் பாரிஸ் செல்பவருக்கு இது பொருந்தாது; பாரிஸிலிருந்து அதே நிறுவனத்தில் சென்னை திரும்புபவருக்குப் பொருந்தும்.

சீட்டை விற்ற முகவரிடமன்றி, விமானத்தை இயக்கிய நிறுவனத்திடமே கோரிக்கையை எழுத்தில் அனுப்ப வேண்டும். பயண அனுமதிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கதவு திறந்த நேரத்தை அதன் பின்புறத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.