வைஃபை கார்டில் இரண்டு கம்பிகள் எதற்கு?

பழைய மடிக்கணினியின் வைஃபை கார்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்திய வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கார்டில் கறுப்பும் சாம்பல் நிறமுமாக இரண்டு மெல்லிய கம்பிகளை மாட்ட வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்று சரியாக உட்காரவில்லை. அப்படியே மூடிவிட்டேன். இணையம் வருகிறது, ஆனால் வேகம் பாதிகூட இல்லை. ஒரு கம்பியே போதும் என்றால் இரண்டாவது எதற்கு? போதாது என்றால் இணையம் எப்படி வருகிறது?”

கடந்த நாற்பது ஆண்டுகளில் வானொலிப் பொறியியலில் உதித்த மிக அழகான சிந்தனை, என் பார்வையில், இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அதற்குப் போவதற்குமுன், இதே வேலையில் இறங்க நினைக்கும் மற்றவர்களுக்காக, கார்டை மாட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இப்போதைய மடிக்கணினிகளில் வைஃபை கார்டு 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சிறு பலகை. எம்.2 எனப்படும் செருகுமிடத்தில் அது அமர்கிறது. பழைய கணினிகளில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேறு வடிவம் இருக்கும். ஒன்றின் கார்டு மற்றதில் நுழையாது. மிக மெல்லிய சில மடிக்கணினிகளில் வைஃபை சில்லைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்தே விடுகிறார்கள். அவற்றில் மாற்ற வழியே இல்லை.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. இன்டெலின் ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 ஆகிய இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் 211 தன் வேலையில் ஒரு பகுதியை இன்டெல் கணினியின் முதன்மைச் சில்லிடம் விட்டுவிடுகிறது. அதனால் அதற்கென வடிவமைக்கப்பட்ட இன்டெல் கணினிகளில் மட்டுமே இயங்கும். ஏஎம்டி செயலி உள்ள கணினியில் அதைச் செருகினால், அப்படியொரு கார்டு இருப்பதே கணினிக்குத் தெரியாது. 210 தனித்து இயங்கக்கூடியது. இன்னொன்று: சில பழைய மடிக்கணினிகளின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்), தயாரிப்பாளர் அங்கீகரித்த கார்டுகளை மட்டுமே ஏற்கும். காசு கொடுத்து வாங்கியவருடைய கணினியில் எந்தக் கார்டு இருக்கலாம் என்பதை விற்றவர் தீர்மானிப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் நடைமுறை அதுதான் என்பதால், வாங்குவதற்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கணினியை முழுமையாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்து, முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். கார்டின் ஓரத்தில் பித்தளை நிறத்தில் இரண்டு சிறிய வட்டத் தொப்பிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். கம்பியைப் பிடித்து இழுக்காமல், தொப்பியின் அடியில் நகத்தைக் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். கார்டைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகைக் கழற்றியதும், கார்டு தானாகவே சாய்வாக எழும்பி நிற்கும். புதிய கார்டையும் அதே சாய்வில் செருகி, படிய அழுத்தி, திருகை முடுக்குங்கள்.

பொறுமை தேவைப்படும் இடம் அடுத்ததுதான். தொப்பியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை; கார்டில் அதற்கேற்ற முள். இரண்டும் நேர்கோட்டில் வந்த பிறகு விரல்நுனியால் செங்குத்தாக அழுத்தினால், மெல்லிய ஒரு ‘டிக்’ விரலுக்குத் தெரியும். சாய்த்து அழுத்தினால் முள் வளைந்துவிடும், அல்லது தொப்பி ஒரு பக்கம் மட்டும் பற்றிக்கொண்டு, மாட்டியதுபோலவே தோற்றமளிக்கும். நம் வாசகருக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். இந்தத் தொப்பிகள் ஓயாமல் கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவையும் அல்ல. சில பத்து முறைகளுக்குமேல் போனால் பிடிப்புத் தளர்ந்துவிடும்.

கார்டுக்கான டிரைவர் மென்பொருளை முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டு இயங்காவிட்டால் இணையம் இல்லை. இணையம் இல்லாமல் டிரைவரை இறக்கவும் முடியாது. கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் வழி உண்டு. லினக்ஸ் பயன்படுத்துவோர் ஏஎக்ஸ்210 கார்டுக்கு, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் 5.10 அல்லது அதற்குப் பிந்தையது இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இனி, கம்பிகள். அவை கார்டிலிருந்து கிளம்பி, மடிக்கணினியின் கீல் வழியாக ஏறி, பெரும்பாலான கணினிகளில் திரையின் மேல்விளிம்பு வரை செல்கின்றன. அங்கே ஆளுக்கொரு மூலையில், நெகிழிச் சட்டத்துக்குப் பின்னால், ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய உலோகப் பட்டைகள்தான் ஆன்டெனாக்கள்.

2009க்கு முந்தைய கார்டுகள் பலவற்றிலும் இரண்டு கம்பிகள் இருந்தன. அப்போது அவற்றின் வேலை எளியது: எந்த ஆன்டெனாவில் சமிக்ஞை நன்றாக இருக்கிறதோ, கார்டு அதை எடுத்துக்கொள்ளும். இப்போதைய கார்டு இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறது. எப்படி என்பதைப் புரிந்துகொள்ள முதலில் சுவர்களைப் பற்றிப் பேச வேண்டும்.

ரவுட்டரிலிருந்து புறப்படும் அலை நேராக மட்டும் வந்து சேர்வதில்லை. சுவரில், தரையில், இரும்பு பீரோவில், குளிர்சாதனப் பெட்டியில் பட்டுத் திரும்பிய அதன் பிரதிகளும் சற்றே தாமதமாக வந்து சேர்கின்றன. கோயிலின் கல்மண்டபத்தில் உரக்கப் பேசினால், முன்சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின்மேல் விழுந்து இரண்டையும் குழப்புமே, அதே சிக்கல். தகவலை ஓஎஃப்டிஎம் என்ற முறையில் நூற்றுக்கணக்கான துணை அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நிதானமாக அனுப்பி, நடுநடுவே சிறு இடைவெளி விட்டு இதைச் சமாளித்தார்கள். ஆறாம் தலைமுறை வைஃபையான வைஃபை 6இல் அந்த இடைவெளி குறைந்தபட்சம் 0.8 மைக்ரோவிநாடி. ஒளியின் வேகத்தில் செல்லும் அலை அதற்குள் 240 மீட்டர் போய்விடும். வீட்டுக்குள் எழும் எந்த எதிரொலியும் அதற்குள் அடங்கிவிடும்.

ஆக எதிரொலியின் தொல்லை தீர்ந்தது. ஆனால் எதிரொலியைச் சகித்துக்கொள்வதோடு நிற்காமல், அதையே வேலைக்கு வைத்துக்கொண்டதுதான் என்னை வியக்கவைப்பது.

ரவுட்டரின் இரண்டு ஆன்டெனாக்கள், ஒரே நொடியில், ஒரே அதிர்வெண்ணில், இரண்டு வெவ்வேறு தகவல்களை அனுப்புவதாகக் கொள்வோம். முதல் தகவலை ‘க’ என்றும் இரண்டாவதை ‘ச’ என்றும் அழைப்போம். காற்றில் இரண்டும் கலந்துவிடும். மடிக்கணினியின் ஒவ்வோர் ஆன்டெனாவிலும் வந்து சேர்வது கலவைதான். ஆனால் இரண்டு மூலைகளிலும் கலவையின் விகிதம் ஒன்றல்ல. ஒவ்வோர் அலையும் வெவ்வேறு சுவர்களில் பட்டு, வெவ்வேறு தூரம் கடந்து வந்திருப்பதால், ஓரிடத்தில் க ஓங்கியிருக்கும், மற்றோரிடத்தில் ச ஓங்கியிருக்கும். இடது மூலை ஆன்டெனா 3க + 2ச என்ற கலவையைப் பெற்று, அதன் மதிப்பு 1 என்று அளக்கிறது. வலது மூலை ஆன்டெனா க + 4ச என்ற கலவையைப் பெற்று, –3 என்று அளக்கிறது.

3க + 2ச = 1
க + 4ச = –3

பத்தாம் வகுப்புக் கணக்கு. இரண்டாவதை 3ஆல் பெருக்கி முதலாவதைக் கழித்தால் 10ச = –10. ஆகவே ச = –1, க = 1. காற்றில் பிரிக்கமுடியாதபடி கலந்த இரண்டு தகவல்களும் தனித்தனியாகக் கைக்கு வந்துவிட்டன. கூடுதல் அலைவரிசை இல்லை, கூடுதல் நேரமும் இல்லை. ஆனால் வேகம் இரட்டிப்பு. இந்த முறைக்கு மைமோ என்று பெயர்.

3, 2, 1, 4 என்ற எண்கள் கார்டுக்கு எப்படித் தெரியும்? அறையின் அமைப்பை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் தொடக்கத்திலும், இரு தரப்புக்கும் முன்பே தெரிந்த ஒரு மாதிரிச் சமிக்ஞையை ரவுட்டர் இரண்டு முறை அனுப்புகிறது. இரண்டாம் முறை ஓர் ஆன்டெனாவில் மட்டும் அதன் குறியைத் தலைகீழாக்குகிறது. முதல் முறை கூட்டுத்தொகை கிடைக்கும், இரண்டாம் முறை வித்தியாசம் கிடைக்கும். அவற்றைக் கூட்டியும் கழித்தும் கார்டு நான்கு எண்களையும் கண்டுபிடித்துவிடுகிறது. நீங்கள் அறையில் எழுந்து நடந்தால் எதிரொலிகள் மாறும், எண்களும் மாறும். ஆனால் ஒரு பொட்டலத்தின் ஆயுள் அதிகபட்சம் ஐந்து மில்லிவிநாடி சொச்சம்தான். அதற்குள் நீங்கள் ஒரு சென்டிமீட்டர்கூட நகர்ந்திருக்க மாட்டீர்கள். அடுத்த பொட்டலத்தில் எல்லாம் புதிதாக அளக்கப்படும்.

இனிச் சுவர்களே இல்லாத ஒரு வெட்டவெளியை நினைத்துப் பாருங்கள். ரவுட்டர் தூரத்தில் இருக்கிறது, எதிரொலி எதுவும் இல்லை. இரண்டு ஆன்டெனாக்களும் ஏறத்தாழ ஒரே விகிதக் கலவையைத்தான் பெறும். ஒன்றில் 3க + 2ச, மற்றதில் 6க + 4ச. இரண்டாவது சமன்பாடு முதலாவதன் இருமடங்கே தவிர, புதிதாக எதையும் சொல்லவில்லை. விடை காண முடியாது. அதாவது, எந்தச் சுவர்களையும் பீரோக்களையும் பொறியாளர்கள் பகையாக நினைத்தார்களோ, அவைதான் இரண்டு சமன்பாடுகளையும் வெவ்வேறாக்கித் தருகின்றன. ஆன்டெனாக்களைத் திரையின் இரு மூலைகளுக்குத் தள்ளிவைப்பதும் இதற்காகத்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். எதிரொலிகள் நிறைந்த அறையில், அதில் பாதித் தூரம் விலகியிருந்தாலே கலவை போதுமான அளவுக்கு மாறிவிடுகிறது.

வைஃபை 6இல், 80 மெகாஹெர்ட்ஸ் அகல அலைவரிசையில், தகவல் சுமக்கும் துணை அலைவரிசைகள் 980. ஒவ்வொன்றுக்கும் தனிச் சமன்பாட்டு ஜோடி உண்டு. 13.6 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை 980 ஜோடிகளையும் தீர்க்க வேண்டும். கணக்கிட்டால், நொடிக்கு ஏறத்தாழ 7.2 கோடி ஜோடிகள் வருகின்றன. உண்மையில் கெழுக்கள் கலப்பெண்கள், இரைச்சலும் சேர்ந்திருக்கும்; எனவே வேலை நான் காட்டியதைவிடக் கடினம். தபால்தலையைவிடச் சற்றே பெரிய அந்தப் பலகை இதைச் செய்துகொண்டே இருக்கிறது.

நம் வாசகரின் கணினியில் ஒரு சமன்பாடு காணாமல் போயிருக்கிறது. ஒரு சமன்பாட்டை வைத்து இரண்டு மாறிகளைக் காண முடியாது. இரட்டையாக அனுப்பிய பொட்டலங்களுக்குப் பதில் வராததைக் கவனிக்கும் ரவுட்டர், ஒற்றைத் தகவல் ஓடைக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் இணையம் வருகிறது, வேகம் விழுந்துவிடுகிறது. இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்று சிலர் கவலைப்படுவார்கள். சமன்பாடுகளை எந்த வரிசையில் எழுதினாலும் விடை ஒன்றுதான். வைஃபைக்குப் பெரிதாக எதுவும் ஆகாது. ஆனால் புளூடூத் பொதுவாக இரண்டில் ஓர் ஆன்டெனாவையே நம்பியிருக்கும். ஆகவே கார்டில் உள்ள குறிகளின்படி மாட்டுவது நல்லது.

இந்தச் சிந்தனைக்கு 1992இல் முதன்முதலாகக் காப்புரிமை கோரியவர் பொள்ளாச்சியில் பிறந்தவர். ஆரோக்கியசாமி பால்ராஜ், இளம் வயதிலேயே இந்தியக் கடற்படையில் சேர்ந்து, டெல்லி ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். 1971 போரில் ஐஎன்எஸ் குக்ரி கப்பல் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட பிறகு, நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனாரை மேம்படுத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1980களில் இந்தியக் கப்பல்களில் ஏறிய ‘அப்சோ’ சோனார் அவர் தலைமையில் உருவானது. கடலடியிலும் சிக்கல் இதேதான்: நீர்மட்டத்திலும் தரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலிகளின் கலவையிலிருந்து வேண்டிய ஒலியைப் பிரித்தெடுப்பது. பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சென்றவர், அங்கிருந்த பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து பெற்ற காப்புரிமை 1994இல் வழங்கப்பட்டது. 1996இல் பெல் ஆய்வகத்தின் ஜெரார்டு ஃபோஷினி உள்ளிட்டோர் கோட்பாட்டை விரித்தெடுத்தார்கள். 2009இல் 802.11என் தரத்தின் வழியாக அது வைஃபைக்குள் முறையாக நுழைந்தது. 2014இல் பால்ராஜுக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

சோனாருக்குப் பணம் ஒதுக்கியவர்கள் யாரும் மடிக்கணினியை நினைத்து ஒதுக்கவில்லை. ஒரு துறையில் ஆழமாகப் பயின்ற மனம், இன்னொரு துறையின் முட்டுக்கட்டையைப் பார்த்ததும் அது வழிதான் என்று அடையாளம் காண்கிறது. அத்தகைய மனங்கள் உருவாக நீண்டகாலம், விடாமல், நிதி வேண்டும். நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் என்பது 2020-21க்கான கணக்கு. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ‘உடனடிப் பயன் என்ன’ என்ற ஒற்றைக் கேள்வியால் விண்ணப்பங்களை வடிகட்டுவது, இருக்கும் கொஞ்சத்தையும் வீணாக்குகிறது.

மடிக்கணினியில் ஒட்டுவதற்கென்று ‘கதிர்வீச்சுத் தடுப்பு’ ஸ்டிக்கர்கள் விற்கிறார்களே, அவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைஃபை கார்டு அனுப்பும் திறன் பொதுவாக 0.1 வாட் அளவைத் தாண்டாது. அந்த அலைகளுக்கு மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்கும் ஆற்றல் கிடையாது. ஸ்டிக்கர் உண்மையிலேயே அலைகளைத் தடுத்தால் வைஃபை நின்றுபோக வேண்டும். வைஃபை ஓடுகிறதென்றால் அது எதையும் தடுக்கவில்லை. பயந்தவர்களிடம் காசு பறிக்கும் இந்த வியாபாரத்தைத் தடை செய்ய வேண்டும். உலோகத்தாளால் ஆன ஸ்டிக்கரைத் திரையின் மேல்மூலையில் ஒட்டினால் ஆன்டெனாவை மறைத்து வேகத்தைக் குறைக்கும். அவற்றால் விளையக்கூடியது அது ஒன்றுதான்.

புதிய கார்டை மாட்டியதும் கணினியின் வைஃபை பண்புகளில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். ரவுட்டருக்கு அருகில், வைஃபை 6, 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் அதிகபட்சமாக 1201 மெகாபிட் காட்டும். ஓர் ஓடைக்கு 600 சொச்சம், இரண்டுக்கு 1201. கோப்பு இறங்கும் வேகம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரே அலைவரிசையை எல்லாக் கருவிகளும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பது ஒரு காரணம். கடையில் எட்டு ஆன்டெனா ரவுட்டரைக் காட்டினால் மயங்க வேண்டாம். ஓடைகளின் எண்ணிக்கை இரு தரப்பில் எது குறைவோ அதுதான். உங்கள் மடிக்கணினியில் இரண்டு ஆன்டெனாக்கள் என்றால் அதற்குக் கிடைப்பது இரண்டு ஓடைகளே. மற்றவை அலையைக் குவித்து அனுப்பவும், வேறு கருவிகளைக் கவனிக்கவும் பயன்படும். அதேபோல, வீட்டில் இரண்டு ஓடை வைஃபை 5 ரவுட்டர் இருந்தால், 80 மெகாஹெர்ட்ஸில் எந்த உயர்ந்த கார்டைப் போட்டாலும் 866க்கு மேல் காட்டாது. வீட்டு இணையத் திட்டமே 100 மெகாபிட் என்றால், பழைய கார்டு ஒழுங்காக இயங்கும்வரை அதை மாற்றத் தேவையில்லை.