வேப்பிலை ஆடாத பத்து நிமிடம்

சில வருடங்களுக்கு முன், வைகாசி மாதம், குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். இருபது நாளாக நடந்த பாரதக் கூத்துத் திருவிழா அன்றைக்கு முடிகிறது. காலையில் படுகளம், அதாவது துரியோதனன் விழும் கூத்து, ஆகிவிட்டது. மண்ணால் செய்த துரியோதனன் தொடை பிளந்து மைதானத்தில் நீட்டிப் படுத்திருக்க, சாயங்காலத் தீமிதிக்காகக் குழியில் கட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. மணி நாலு. சட்டை முதுகோடு ஒட்டும் புழுக்கம்.

பந்தல் போட்ட அண்ணன் ஒரு வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். "இல ஆடல பாரு தம்பி. காத்து மொத்தமா நின்னுபோச்சு. வரப் போவுது" என்றார். உடனே ஆட்களைக் கூப்பிட்டு, பந்தலின் மேற்கு, கிழக்கு இரண்டு பக்கத்துத் துணிகளையும் அவிழ்க்கச் சொன்னார். கமிட்டியில் ஒருவருக்குக் கோபம்: "மூஞ்சில வெயில் அடிக்குமேப்பா!" அண்ணன் காதில் வாங்கவில்லை. பத்து நிமிடத்தில் மேற்கே செம்மண் நிறத்தில் ஒரு சுவர் எழுந்து வந்தது.

பெரிய பந்தல் நின்றது. வளையல் கடைக்காரர்கள் தனியாகப் போட்டிருந்த ஷாமியானா பனைமரத்தில் தொங்கியது. மழை அதற்கப்புறம்தான் வந்தது.

வேலூர்ப் பக்கத்தில் கோடையில் பந்தலைச் சாய்ப்பது பெரும்பாலும் மழையோ மழைக்கு நடுவே அடிக்கும் காற்றோ அல்ல. மழைக்கு முன்னால் ஓடி வரும் குளிர்காற்று. அது எங்கிருந்து வருகிறது?

கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. பிற்பகலில் கிழக்கேயிருந்து கடற்காற்று கொஞ்சம் ஈரத்தைக் கொண்டுவரும். மலைச்சரிவுகளில் சூடேறிய காற்று மேலே எழும். இரண்டும் கூடினால், ஜவ்வாது மலைப் பக்கமோ ஆந்திர எல்லை மலைகளின் மேலோ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் கட்டிவிடும். அதிலிருந்து விழும் மழைத்துளி, கீழே இருக்கும் காய்ந்த காற்றுக்குள் நுழைந்ததும் ஆவியாகத் தொடங்கும். மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே கணக்குதான். ஒரு கிலோ காற்றில் ஒரே ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் அந்தக் காற்று சுமார் இரண்டரை டிகிரி குளிர்ந்துவிடும். நாலு கிராம் ஆவியானால் பத்து டிகிரி. காற்று எவ்வளவு காய்ந்து கிடக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி. அதனால்தான் ஐப்பசி மழையைவிட வைகாசி மழை இந்த விஷயத்தில் பொல்லாதது.

குளிர்ந்த காற்று கனமானது. அது மேகத்தின் அடியிலிருந்து பொத்தென்று கீழே விழுந்து, தரையில் மோதி, நாலா பக்கமும் பரவும். ஒரு குடம் தண்ணீரை வாசலில் ஒரே வீச்சில் கொட்டிப் பாருங்கள். தண்ணீரின் விளிம்பு கொஞ்சம் புடைத்துக்கொண்டு, முன்னால் கிடக்கும் தூசியைத் தள்ளிக்கொண்டு ஓடும். குளிர்காற்றும் அப்படித்தான் ஓடுகிறது. மேகம் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நிற்கும்போதே அதன் முனை நம் பந்தலைத் தொட்டுவிடலாம். நம் தலைக்கு மேல் அப்போது வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கும்.

அந்த முனை வந்து சேரும் முன்பு, மேகத்தை நோக்கி இழுபடும் காற்றும் மேகத்திலிருந்து தள்ளிவரும் காற்றும் ஒன்றை ஒன்று முட்டித் தணியும் ஒரு இடைவெளி உண்டு. வேப்பிலை ஆடாமல் நிற்பது அந்த நேரத்தில்தான். எல்லா முறையும் இந்த அமைதி வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் மேற்கே மேகம் கறுத்திருக்கும் நாளில் இலை திடீரென நின்றுபோனால் அலட்சியம் செய்யக் கூடாது.

சூடான், அரேபியப் பாலைவனங்களில் இதே காற்றுதான் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குப் புழுதிச் சுவரை எழுப்பிக்கொண்டு வரும். அங்கே அதற்கு ஹபூப் என்று பெயர். ராஜஸ்தானில் ஆந்தி என்பார்கள். ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் ஜசோல் என்ற ஊரில் 2019 ஜூன் 23 அன்று ராமகதை கேட்கக் கூடியிருந்தவர்கள் மேல் இப்படி ஒரு புயல்காற்றில் பந்தல் சரிந்து 14 பேர் இறந்தார்கள். சரிந்த கூடாரத்தின் இரும்புச் சட்டங்களில் மின்சாரமும் பாய்ந்திருந்தது.

சரி, காற்று எவ்வளவு தள்ளும்? கணக்கு எளிது. காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நாலு மடங்காகும். மணிக்கு 30 கி.மீ. காற்று, தன்னை நேராக மறிக்கும் துணியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 4 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். 60 கி.மீ. என்றால் 17 கிலோ. முப்பது அடி நீளம், பத்து அடி உயரம் உள்ள ஒரு பக்கத் துணி கிட்டத்தட்ட 28 சதுர மீட்டர். காலையில் அதன் மேல் 120 கிலோ; மாலையில் 470 கிலோ. காலையில் "நல்லா கல்லு மாதிரி நிக்குது" என்று கம்பை ஆட்டிப் பார்த்துச் சொல்கிறவர்கள் இந்த நாலு மடங்கை மறந்துவிடுகிறார்கள்.

அதைவிட மோசமானது கூரை. கூரை மேல் ஓடும் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறையும். கீழே பந்தலுக்குள் புகுந்த காற்று வெளியே போக வழியில்லாமல் நின்றால் அழுத்தம் கூடும். ஆக, மேலே இழுப்பு, கீழே தள்ளல். முப்பதுக்கு அறுபது அடிப் பந்தலின் கூரை 167 சதுர மீட்டர். 60 கி.மீ. காற்றின் முழு அழுத்தத்தில் பாதி மேல்நோக்கி வேலை செய்தாலே ஏறத்தாழ 1,400 கிலோ தூக்கல். பந்தல் விழுகிறது என்று சொல்கிறோம். பல நேரம் அது முதலில் பறக்கிறது, அப்புறம்தான் விழுகிறது.

அண்ணன் ஏன் இரண்டு பக்கமும் அவிழ்க்கச் சொன்னார் என்பது இப்போது புரியும். மேற்கை மட்டும் திறந்து கிழக்கை மூடி வைத்திருந்தால் பந்தல் காற்றைப் பிடித்து வைக்கும் பை ஆகியிருக்கும். அதற்கு இரண்டையும் மூடியே விட்டிருக்கலாம். அவருடைய ஆட்கள் பக்கத் துணியை எப்போதும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகத்தான் போடுவார்கள். கடுமுடிச்சு போட்டுவிட்டு, காற்று வந்தபின் கத்தி தேடுவது வீண்.

பழைய கீற்றுப் பந்தல் இந்த விஷயத்தில் புத்திசாலி. ஓலைகளுக்கு நடுவில் ஆயிரம் சந்து. காற்று கசிந்து போவதால் மேலேயும் கீழேயும் அழுத்தம் ஓரளவு சமமாகிவிடும். மீறிப் போனால் நாலு கீற்று பறக்கும், பந்தல் நிற்கும். அதைத் தார்ப்பாயால் மூடினால் அந்தச் சலுகை போச்சு. தகர ஷீட்டைப் பற்றிப் பேசவே பயமாக இருக்கிறது. ஒரு ஆணி கழன்றாலும் அது பறக்கும் வாள்.

துணி தளர்வாக இருந்தால் காற்றுக்கு வழிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வழிவிடாது, அடித்துக்கொள்ளும். ஒரு கயிற்றில் எடையை மெதுவாக ஏற்றுவதற்கும் சட்டென்று ஏற்றுவதற்கும் வித்தியாசம் உண்டு. சட்டென்று ஏற்றினால் கயிறு ஒரு கணம் இரண்டு மடங்கு இழுவையைத் தாங்க வேண்டிவரும். தொய்ந்த கயிறு வெடுக்கென்று இறுகும்போது அதற்கும் மேல். ஆகவே துணி ஒன்று முரசுத் தோல் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும், இல்லை சுருட்டிக் கீழே இருக்க வேண்டும்.

இனி தரை. பந்தலைக் கம்பு தாங்குகிறது என்பது பாதி உண்மைதான். காற்று தூக்கும்போது பந்தலைப் பிடித்திருப்பது தரை. கயிற்றைக் கம்பின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி முளையில் கட்டினால் 45 டிகிரி சாய்வு கிடைக்கும். திருவிழாவில் அந்த இடத்தில் பொரி கடை வந்துவிடும். உடனே முளையைக் கம்புக்குப் பக்கத்தில் இழுத்து அடிப்பார்கள். கயிறு செங்குத்தாகிவிட்டால் அது முளையைப் பக்கவாட்டில் இழுக்காமல் நேராக மேலே பிடுங்கும். நான் பார்த்த வரையில் சரிந்த பந்தல்களில் முதல் குற்றவாளி இதுதான். முளையையும் பந்தலுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, கயிற்றுக்குக் குறுக்காக நிற்கும்படி அடிக்க வேண்டும்.

எந்தத் தரை என்பதும் முக்கியம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பிளாக் ராக் என்றொரு பாலைவனம். பழங்கால ஏரி ஒன்று வற்றிப்போன படுகை அது. 1990 முதல் அங்கே 'பர்னிங் மேன்' என்ற விழா நடக்கிறது. ஒரு வாரத்துக்கு ஒரு நகரமே கூடாரத்தில் குடியேறும். தரை இறுகிய களிமண் என்பதால் கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பியைச் சம்மட்டியால் அடித்து இறக்கிக் கூடாரத்தைக் கட்டுகிறார்கள். கம்பி முனை காலைக் கிழிக்காமல் இருக்க மேலே டென்னிஸ் பந்தைச் செருகி வைப்பார்கள். அந்தப் புழுதி காரத்தன்மை உள்ளது. பாதம் வெடித்துப் புண்ணாகும். வினிகர் கலந்த தண்ணீரில் கால் கழுவுவது அங்கே வழக்கம்.

அந்தக் கம்பியைப் பாலாற்று மணலில் அடித்தால் கையாலேயே பிடுங்கிவிடலாம். காய்ந்த மணலுக்கு ஒட்டும் குணம் கிடையாது. அங்கே வேறு வழி. சிமெண்ட் சாக்கில் மணலை நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, மூன்றடி ஆழத்தில் படுக்கவைத்துப் புதைக்க வேண்டும். இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலச் சாக்குக்கு நேர் மேலே இருக்கும் மணல் மட்டும் 300 கிலோவைத் தாண்டும். பிடுங்கும்போது பக்கத்து மணலும் கூம்பு மாதிரி சேர்ந்து கிளம்ப வேண்டியிருப்பதால் பிடிமானம் இன்னும் கூடும். தண்ணீர் நிரப்பிய 200 லிட்டர் பேரல்கூட இதற்கு ஈடாகாது. அது மணலில் வழுக்கும். மாசியில் மயானக் கொள்ளைக்குப் பாலாற்றில் கூட்டம் கூடும்போது இந்தக் காற்றுக்குப் பருவம் வந்திருக்காது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். கவுண்டன்யா ஆற்றோரம், சரியாக இந்தக் காற்றின் காலம். ஆற்றுப்படுகையில் மரமோ வீடோ தடுக்க இல்லாததால் தரையை ஒட்டியும் காற்று வேகம் குறையாமல் வரும்.

புழுதிக்கு வருவோம். மணலும் புழுதியும் ஒன்றல்ல. 1930களில் லிபியப் பாலைவனத்தில் சுற்றிய ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர், காற்றில் மணல் எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்தார். மணல் பறப்பதில்லை, குதிக்கிறது. ஒரு பருக்கை எழும்பி, கொஞ்ச தூரம் போய் விழும்; விழுந்த வேகத்தில் இன்னும் சில பருக்கைகளைக் கிளப்பிவிடும். பெரும்பகுதி முழங்கால் உயரத்தைத் தாண்டாது. ஆனால் அப்படி விழும் மணல், தரையோடு ஒட்டிக் கிடக்கும் மாவு போன்ற புழுதியை அடித்துக் கிளப்பும். அது மணிக்கணக்கில் மேலேயே மிதக்கும். ஆகவே அன்னதானப் பாத்திரங்களை மேசை மேல் தூக்கிவைத்தால் மணலிடமிருந்து தப்பலாம்; புழுதிக்கு மூடிதான் வேண்டும்.

புழுதியை உண்டாக்குவதில் கூட்டத்துக்கும் பங்கு உண்டு. மழை பெய்து காய்ந்த நிலத்தின் மேல் மெல்லிய ஓடு ஒன்று இறுகியிருக்கும். ஆயிரம் கால்களும் நாலு டிராக்டரும் அதை ஒரே நாளில் மாவாக்கிவிடும். தண்ணீர் லாரி வைத்துத் தெளித்தால் துகள்களுக்கு நடுவே தண்ணீர் பாலம் போட்டுப் பிடித்துக்கொள்ளும். பதினோரு மணிக்குத் தெளித்தால் ஒரு மணிக்குள் காய்ந்துவிடும். மூன்றரை மணிக்குத் தெளிப்பதே பிரயோஜனம்.

சென்னையில் இருக்கும் வானிலை ரேடாரை நம்பி உட்காரலாமா? மேகம் தெரியும், இந்தக் காற்றின் முனை தெரிவது கடினம். பூமி வளைந்திருப்பதால் ரேடார் கதிர் வேலூர் வந்து சேரும்போது தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் மேலே போய்க்கொண்டிருக்கும். குளிர்காற்று அதற்குக் கீழே புகுந்து வரும். அதனால் செல்போனில் எச்சரிக்கையும் வேண்டும், மேற்கே பார்க்க ஒரு ஆளும் வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர் தூரம். இடி காதில் விழுந்துவிட்டாலே கூட்டத்தைப் பள்ளிக்கூடம் மாதிரி நல்ல கட்டடத்துக்குள் அனுப்ப வேண்டும். பந்தல் மின்னலுக்குக் காப்பு இல்லை. அவிழ்க்கும் வேலைக்கும் முன்பு ஜெனரேட்டரை அணைத்துவிட வேண்டும். இரும்புக் குழாயில் சுற்றிய சீரியல் பல்பும் நனைந்த துணியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஜசோல் காட்டிவிட்டது.

அன்றைக்கு எங்களைப் பயமுறுத்தியது குழிதான். முதல் வீச்சிலேயே தணல் பொறி கிழக்குப் பக்கம் சிதறியது. அண்ணன் முன்கூட்டியே அந்தப் பக்கத்து ஆட்களை விரட்டியிருந்ததால் ஒரு வேட்டியில் ஓட்டை விழுந்ததோடு போயிற்று. கால் மணி நேரம் காற்று, அரை மணி நேரம் மழை. நனைந்த கட்டைகளை ஒதுக்கி, புதுக் கட்டை அடுக்கி, தீமிதி நடக்க ராத்திரி பத்தாகிவிட்டது. வீட்டுக் குதிரில் போட துரியோதனன் மண்ணை எடுத்துப்போக வந்த பெண்களுக்குச் சேறுதான் கிடைத்தது. அவர்கள் அதையே இலையில் வழித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.