நியூரோட்ரோஃபின்: நரம்பூட்டப் புரதம்

மூளையில் இயல்பாகவே சுரந்து நரம்பு செல்களை உயிரோடு வைத்திருக்கும் புரதங்களுக்கு நியூரோட்ரோஃபின் என்று பெயர். தலையில் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும்போது நல்ல செல்களைக் காக்கும் வழிதேடும் ஆய்வுகளில் இந்தப் பெயர் அடிக்கடி தென்படுகிறது.

இது கிரேக்க வேர்கள் இரண்டின் கூட்டு. 'நியூரான்' ஆதியில் தசைநாணையும், அதைத் திரித்த கயிற்றையும் குறித்தது. நரம்பு செல்லுக்கு அந்தப் பெயரை ஜெர்மன் உடற்கூறியலாளர் வால்டேயர் சூட்டியது 1891இல்தான். நம் 'நரம்பு'ம் யாழில் கட்டிய தந்தி, உடலுக்குள் ஓடும் இழை இரண்டுக்கும் உரிய சொல் என்பது வியப்பான ஒற்றுமை. 'ட்ரோஃபே' என்றால் ஊட்டம். உறுப்பு மெலிவதை அட்ரோஃபி என்பதும் இந்த வேரிலிருந்தே வந்தது.

'ட்ரோபோஸ்' என்பது வேறு சொல். திரும்புதல் என்று பொருள். நரம்பை நாடிச் சென்று தாக்கும் போலியோ வைரஸை நியூரோட்ரோபிக் என்பார்கள். எழுத்துப்பெயர்ப்பில் ஓர் ஆய்த எழுத்து விடுபட்டால் காப்பதும் தாக்குவதும் ஒன்றாகிவிடும்! நரம்பூட்டி, நரம்புநாடி என்று தமிழில் எழுதினால் இந்தக் குழப்பமே இல்லை.

தமிழில் 'நரம்பு வளர்ச்சிப் புரதம்' என்று பெயரிட்டால் போதாதா? முதலில் கண்ணில் பட்டது வளர்ச்சிதான். 1950களின் தொடக்கத்தில் இத்தாலிய நரம்பியல் ஆய்வாளர் ரீட்டா லெவி-மொன்டால்சினி, கோழிக்கருவின் நரம்பு முடிச்சை எலியின் புற்றுக்கட்டிக்கு அருகே வைத்து வளர்த்தார். ஒரே நாளில் இழைகள் ஒளிவட்டம்போல் சுற்றிலும் கிளம்பின. இத்தகைய வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக அவரும் உடன் ஆய்ந்த ஸ்டான்லி கோஹனும் 1986இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் இந்த ஊட்டம் நின்றால் பல நரம்பு செல்கள் தம்மையே அழித்துக்கொள்கின்றன. அந்த அழிவைத் தடுப்பதும் இப்புரதங்களின் வேலை என்பதால் 'நரம்பூட்டப் புரதம்' என்பதே என் தேர்வு.

கதிர்வீச்சு டிஎன்ஏ இழைகளை முறிக்கிறது. நினைவுகளைப் பதிக்கும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸில் புது நரம்பு செல்களை ஈனும் குருத்தணுக்கள் முதலில் பலியாகின்றன, நினைவாற்றல் தேய்கிறது. 1982இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்த மூளைவழி நரம்பூட்டக் காரணி (BDNF) என்னும் நியூரோட்ரோஃபினின் அளவைக் கூட்டி இந்தச் சேதத்தைக் குறைக்கும் வழிகள் விலங்குகளில் ஆராயப்படுகின்றன. ஆனால் இந்தப் புரத மூலக்கூறு பெரியது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் பொருள்கள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் இரத்த-மூளைத் தடுப்பை எளிதில் கடக்காது. மேலும், மூளைக்கட்டியின் செல்களும் அதே ஊட்டத்தைத் தம் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளக்கூடும்.