கட்டைவிரல் பொம்மையும் கைநாட்டுதான்

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு ஒரு கட்டுத் தாளோடு வந்தார். ஊரை ஒட்டி வரப்போகும் குவாரிக்காகத் தயாரித்த அறிக்கை. அதன் பின்னிணைப்பில் ‘ஆன்லைனில் கலந்து பேசியதில் கிராமத்தார் ஒப்புதல் தெரிவித்தனர்’ என்று போட்டு, ஆதாரமாக வாட்ஸ்அப் குழுவின் படத்தை ஒட்டியிருந்தார்கள். பார்த்தால், ‘நாளை காலை 11 மணிக்கு ஜூம் கூட்டம்’ என்று கம்பெனி ஆள் போட்ட செய்தி. அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல் பொம்மைகள்.

“சேதி கெடச்சதுன்னு போட்டோம் தம்பி, சம்மதம்னா போட்டோம்?” என்றார்.

அந்தக் கூட்டமும் எப்படி நடந்தது என்று கேட்டேன். காலை 11 மணி என்றால் பெண்கள் பாதிப் பேர் நூறு நாள் வேலையில். படம் போட்டு விளக்கியது இங்கிலீஷில். கண்மாய்க்கு வரும் ஓடையைப் பற்றி ஒருவர் கேட்டதும் அவர் மைக்கை அணைத்துவிட்டார்கள். ஊர் மந்தையில் ஒருவரை அப்படி அணைத்துவிட முடியுமா?

சட்டம் சொல்லும் கருத்துக் கேட்பு வேறு. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அதை நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கலெக்டரோ, கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு, தமிழில் அறிக்கைச் சுருக்கம், வீடியோ பதிவு எல்லாம் உண்டு. முடிவில் நடந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டவும் வேண்டும். கம்பெனி கூட்டும் ஜூம் இதற்கு ஈடாகாது.

அதற்காக ஆன்லைன் பேச்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஊரில் பட்டா இருக்கிறது, அவர்களும் பேசலாம். மந்தையில் கொடுத்த வாக்கு காற்றோடு போய்விடும், எழுத்தில் வந்தது நிற்கும்.

ஆன்லைன் பேச்சை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டங்ஸ்டன் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி சுற்றுவட்டாரத்தில் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கம் வைக்க 2024 நவம்பரில் ஏலம் முடிந்த பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. ஏலத்துக்கு முன்பு ஊரைக் கேட்க வேண்டும் என்று கனிமச் சட்டத்தில் இல்லை. கேட்பது சுற்றுச்சூழல் அனுமதிக் கட்டத்தில்தான். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஜனங்கள் நடந்தார்கள், 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. சரி, முடிந்தது என்று இருந்தோம். அதே வருடம் செப்டம்பரில், ‘முக்கியக் கனிமம்’ என்று அரசு பட்டியலிட்டவற்றின் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை போட்டது. அந்தப் பட்டியலில் டங்ஸ்டனும் உண்டு. கலெக்டர் முன்னால் பேசும் மேடை இல்லாத இடத்தில், கம்பெனி தானாக நடத்தும் பேச்சு மட்டும்தான் பதிவில் மிஞ்சும். அந்தப் பதிவை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் என் கவலையெல்லாம்.

பெரியவரிடம் சொன்னது இவ்வளவுதான். கம்பெனி வைத்திருக்கும் குழுவில் பொம்மை போடாதீர்கள், ‘தகவல் கிடைத்தது, சம்மதம் அல்ல’ என்று எழுதுங்கள். நேரத்தை நீங்கள் சொல்லுங்கள், சாயங்காலம் 7 மணிக்கு மேல். செய்தி தானாக மறையும் வசதியை அணைத்து வையுங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். கோர்ட்டில் வெறும் ஸ்கிரீன்ஷாட் நிற்காது, புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வேண்டும். அதற்கு அந்தப் போனே கையில் இருப்பது நல்லது.

அடுத்த கூட்டம் முடிந்த ராத்திரியே, கல்லூரியில் படிக்கும் அவர் பேத்தி ‘இன்று பேசியது’ என்று தலைப்பிட்டுத் தமிழில் பதினோரு வரி எழுதிக் குழுவில் போட்டாள். வெடி எத்தனை மணிக்கு, லாரி எந்தப் பாதையில், ஓடையை யார் தொடக்கூடாது, எல்லாம் அதில் இருந்தது. இரண்டு நாள் கம்பெனிப் பக்கம் பேச்சில்லை. மூன்றாம் நாள் ஒரு வரியை மட்டும் திருத்தி, ‘மற்றது சரி’ என்று பதில் வந்தது. இப்போது அந்தப் பதினோரு வரிதான் என்னிடம் இருக்கும் தாள் கட்டின் முதல் தாள்.