அடியிலிருந்து அரிக்கப்பட்ட குகைகள்

குகை எப்படி உருவாகிறது என்று கேட்டால் பாடநூல் தரும் விடை மழைநீரிலிருந்து தொடங்கும். காற்றிலும், அதைவிட அதிகமாக மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இறங்கும் நீர் மென்மையான கார்பானிக் அமிலமாகி, சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களில் புகுந்து பாறையைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. உலகின் பெரும்பாலான சுண்ணாம்புக் குகைகளுக்கு இந்த விடை பொருந்தும். ஆனால் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் குவாடலூப்பே மலைத்தொடரின் வறண்ட சரிவுகளுக்கு அடியில் உள்ள குகைகளுக்கு அது பொருந்தவில்லை.

அவற்றுள் ஒன்றான லெச்சுகியா குகை நீண்ட காலம் பெரிதாக யாரும் பொருட்படுத்தாத ஒரு பள்ளமாகவே இருந்தது. அதன் இடிபாட்டுத் தரைக்கு அடியிலிருந்து காற்று சீறிக்கொண்டு வருவதைக் கவனித்தவர்கள், உரிய அனுமதியுடன் அங்கே தோண்டி, 1986-இல் உள்ளே நுழைந்தார்கள். இன்றுவரை 240 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதைகள் அளக்கப்பட்டுள்ளன. ஆழம் ஏறத்தாழ 489 மீட்டர். உட்புறத்தைக் காப்பதற்காக ஆய்வாளர்கள் மட்டுமே அங்கு அனுமதிக்கப்படுகிறார்கள்.

இந்த மலைக் குகைகளின் அமைப்பே ஒரு புதிராக இருந்தது. ஆறு குடைந்த குகையில் நீர் நுழைந்த வழியும் வெளியேறிய வழியும் தெரியும்; இங்கோ பெரும் மண்டபங்கள் திடீரென்று பாறைச் சுவரில் முடிந்துவிடுகின்றன, ஓடை எதுவும் பாய்ந்த தடம் இல்லை. அதோடு, தரையில் மீட்டர் கணக்கான தடிமனில் ஜிப்சம் (கால்சியம் சல்பேட் என்னும் கந்தகம் கலந்த மென்மையான கனிமம்) கட்டிகளும், ஆங்காங்கே மஞ்சள் நிறத் தூய கந்தகமும் கிடக்கின்றன. கார்பானிக் அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும்போது இவ்விரண்டில் எதுவும் உருவாவதில்லை.

விடை மேலிருந்து அல்ல, கீழிருந்து வந்தது. ஏறத்தாழ 26 கோடி ஆண்டுகளுக்கு முன் கடற்பஞ்சுகளும் பாசிகளும் கட்டியெழுப்பிய கடல் திட்டுதான் இன்று இந்த மலையாக நிற்கிறது. அதன் அருகே டெலவேர் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் புதைந்துள்ளன. அங்கே ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில், எண்ணெய்ப் பொருள்களை உண்டு வாழ்ந்த நுண்ணுயிர்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றின. அழுகிய முட்டையின் நாற்றமுடைய இந்த வாயு பாறையின் பிளவுகள் வழியே மேலேறி, ஆக்சிஜன் கலந்த நீரை நிலத்தடி நீர்மட்டத்தின் அருகே சந்தித்தபோது கந்தக அமிலமானது. கார்பானிக் அமிலத்தைவிடப் பன்மடங்கு வலிமையான அந்த அமிலம், தான் பிறந்த இடத்திலேயே பாறையைத் தின்று, ஜிப்சத்தை விட்டுச் சென்றது. மண்டபங்கள் வழியின்றி முடிவதற்குக் காரணம் இதுதான்: வாயுவும் ஆக்சிஜனும் சந்தித்த எல்லையோடு கரைதலும் நின்றுவிட்டது. இந்த வேதிவினையில் கார்பன் டை ஆக்சைடும் வெளிப்படுவதால், அதுவும் தன் பங்குக்கு மேலும் கொஞ்சம் பாறையைக் கரைக்கிறது.

குகையின் வயதைக் கண்டறிவது பொதுவாக மிகக் கடினம், ஏனெனில் குகை என்பது வெற்றிடம். இல்லாத பாறைக்கு வயது கணிக்க முடியாது. இங்கே அந்த அமிலமே ஒரு சான்றை விட்டுச் சென்றிருப்பது எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது. பாறையிடுக்கில் இருந்த களிமண்ணோடு கந்தக அமிலம் வினைபுரிந்தபோது அலுனைட் என்னும் கனிமம் உருவானது. அதில் பொட்டாசியம் உண்டு. பொட்டாசியத்தின் கதிரியக்க வகையில் ஒரு பகுதி சீரான வேகத்தில் ஆர்கான் வாயுவாக மாறிப் படிகத்துக்குள்ளேயே சிறைப்படுகிறது. அந்த ஆர்கானை அளந்து 1998-இல் வெளியான ஆய்வு, இக்குகைகள் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகள் முதல் 40 லட்சம் ஆண்டுகள் வரை பழமையானவை என்று காட்டியது. மேலே உள்ளவை மூத்தவை, கீழே உள்ளவை இளையவை. மலை உயர உயர, அதனுள் நீர்மட்டம் தாழ்ந்தது. அமிலம் உருவாகும் இடமும் அதனுடன் கீழே இறங்கியது.

குவாடலூப்பேயில் இந்த வேலை என்றோ முடிந்துவிட்டது. ஆனால் மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலத்தில் உள்ள வியா லூஸ் குகையில் அது இன்றும் நடக்கிறது. உள்ளே செல்பவர்கள் நச்சுவாயுவுக்கு எதிரான முகக்கவசம் அணிந்தாக வேண்டும். மிதக்கும் கந்தகத் துகள்களால் ஓடைநீர் பால்போல் வெளுத்திருக்கிறது. கந்தகத்தை ஆக்சிஜனேற்றி ஆற்றல் பெறும் நுண்ணுயிர்களின் கூட்டங்கள் கூரையிலிருந்து கொழகொழப்பான இழைகளாகத் தொங்க, அவற்றிலிருந்து கடும் அமிலம் சொட்டுகிறது. சூரிய ஒளியே படாத இடத்தில் இந்த நுண்ணுயிர்களை அடித்தளமாகக் கொண்டு ஓர் உணவுச் சங்கிலி இயங்குகிறது.

அங்கே கரைதல் நீருக்குள் மட்டும் நடப்பதில்லை. ஓடையிலிருந்து எழும் வாயு ஈரமான சுவரில் படிந்து அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றுகிறது. மென்மையான அந்த ஜிப்சம் தன் எடை தாங்காமல் பெயர்ந்து ஓடையில் விழுந்து கரைய, அடியிலிருந்த புதிய பாறை அமிலத்துக்கு முகம் காட்டுகிறது. விழும் ஜிப்சத்தை ஓடை அடித்துச் சென்றுகொண்டிருக்கும் வரை இது தொடரும். லெச்சுகியாவில் அப்படி அள்ளிச் செல்ல வேகமான நீரோட்டம் இல்லாததால்தான், அங்கு உருவான ஜிப்சத்தில் ஒரு பகுதி இன்னும் மண்டபத் தரைகளில் குவிந்து கிடக்கிறது.